கைத்தொலைபேசியும் பொது வைபையும்

அமெரிக்காவின் ஏரீ அன்ட் ரீ நிறுவனம் 2008 இல் தன் ஐபோன் வாடிக்கையாளருக்குக் கோப்பிக்கடைகளில் இலவச வைபை வழங்கியது. இதனை வள்ளன்மையெனக் கொள்ளல் பொருந்தாது. ஐபோன் பெருகப் பெருக, நியூயோர்க் முதலிய நகரங்களில் அதன் அலைவரிசைகள் நெருக்கடியுற்றன. வைபைக் கருவியோ தரைக்கம்பி வழியே செய்தியைக் கொண்டுசெல்லும். கோபுரத்தின் சுமை குறையும். 2010 இல் ரைம்ஸ் சதுக்கத்திலும் அவ்வசதி அமைந்தது.

ஆயினும் இதில் ஓர் இடருண்டு. பூட்டில்லாத வைபையைத் தொலைபேசி பெயரளவிலேயே அறிந்து, தானாக இணைகின்றது. அப்பெயரை எவருஞ் சூடலாமன்றோ? நளனுருக் கொண்டு நின்ற தேவரை இமையாமை கண்டு தெளிந்தாள் தமயந்தி, தொலைபேசிக்கு அத்தெளிவில்லை. 2012 இல் வந்த பாஸ்போயின்ற் முறையில், நிலையம் தன் உண்மையைச் சான்றிதழாலோ சிம் அட்டையின் இரகசியத் திறவாலோ நாட்டிய பின்னரே இணைப்பு நிகழும். அம்முறை இல்லாவிடங்களில், தானாக இணையும் வசதியை நாம் நிறுத்தியே வைத்துள்ளோம்.