மின்சாரக் கட்டணமும் நம் கடமையும்

மாதச் சம்பளக்காரரான நம்மவர் இல்லங்களில் மின்சாரப் பட்டியல் என்றாலே கலக்கந்தான். தெலங்கானா அரசு 2024-இல் தொடங்கிய 'கிருஹ ஜோதி' திட்டம், உணவுப் பாதுகாப்பு அட்டையுள்ள குடும்பங்களுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணத்தை நீக்கியது. வாடகைக்குக் குடியிருப்போரும் இதில் அடங்குவர். ஆயினும் பிழைப்பு நாடி ஹைதராபாத் வந்த நம்மில் பலருக்கு இம்மாநில அட்டை ஏது?

அத்தகையோர்க்கும் ஒரு காப்பு உண்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி கட்டண விகிதத்தை நிர்ணயிப்பது மாநில ஒழுங்குமுறை ஆணையம். பொதுமக்களின் ஆட்சேபங்களை ஆராய்ந்த பின்னரே அது முடிவு செய்தல் வேண்டும்.

சலுகை அட்டையுடையோர்க்கு, முறையிடும் உரிமையோ யாவர்க்கும் உண்டு. அடுத்த அறிவிப்பு வெளிவருங்கால் நம் இல்லங்களிலிருந்தும் மனுக்கள் செல்லட்டும். வாளாவிருத்தல் நமக்கே நஷ்டமாகும்.