துன் வீ. தி. சம்பந்தன் (1919–1979)

கோலாலம்பூரில் உள்ள ஒரு சாலைக்கு முன்பு ஜாலான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர். இன்று ஜாலான் துன் சம்பந்தன். 2003இல் ஓடத் தொடங்கிய மோனோரயிலின் நிலையம் ஒன்றும் இவர் பெயரைத் தாங்குகிறது.

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர்; தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி எனப் பல துறைகளின் அமைச்சர்.

ஆனால் மக்கள் மனத்தில் நின்றவர் அமைச்சர் சம்பந்தன் அல்ல, தோட்டத்துக்குத் தோட்டம் தேடி வந்த சம்பந்தன்தான். ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். மொத்தமாக வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது, குடியிருந்த லயமும் போனது. தோட்டத் துண்டாடல் என்று அந்தத் தலைமுறை இன்றும் வேதனையோடு சொல்வது இதைத்தான்.

தொழிலாளர்களே தோட்டம் வாங்கினால் என்ன? அந்தக் கேள்வியோடு 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய தோட்டக் கூலியில் பத்து வெள்ளி பெரிய பணம். அதை நம்பிக் கொடுக்கவைக்க மேடைப் பேச்சு மட்டும் போதாது. நேரில் போய், உட்கார்ந்து, பேச வேண்டும். சம்பந்தன் போனார். மனைவி உமாசுந்தரியும் உடன் சென்றார். பின்னாளில் உமாசுந்தரி சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

முதல் தோட்டமாகக் கெடாவின் புக்கிட் சீடிம் 1961இல் சங்கத்தின் கைக்கு வந்தது. மேலும் பல தோட்டங்கள் தொடர்ந்தன.

1979 மே 18 அன்று சம்பந்தன் காலமானார்.