சாமரம் முதல் காந்தம் வரை

எல்லையில் ராணுவம், துறைமுகத்தில் கன்டெய்னர்கள்: இந்தியா-சீனா உறவின் விசித்திரக் கணக்கு

கோயிலில் சுவாமிக்கு வீசும் வெண்சாமரம் கவரிமாவின் வால்மயிரால் ஆனது. குறளில் வரும் கவரிமா மானே அல்ல, இமயமலையின் யாக் எருதுதான் என்று வாதிடும் தமிழறிஞர்கள் உண்டு. அந்த யாக் வாலுக்கு இந்திய-சீன ராஜதந்திரத்திலும் ஓர் இடம் இருக்கிறது.

2006 ஜூலை 6. சிக்கிமில் 14,000 அடிக்கும் மேலே உள்ள நாதுலா கணவாயில், 1962 போரோடு மூடப்பட்ட வழி 44 ஆண்டுகளுக்குப் பிறகு வியாபாரிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இந்தியாவிலிருந்து 29 பொருட்கள் போகலாம், திபெத்திலிருந்து 15 வரலாம் என்று பட்டியல். வரவேண்டியவை: குதிரை, ஆடு, கம்பளி, வெண்காரம், உப்பு, வெண்ணெய், யாக் வால். போகவேண்டியவை: வெல்லம், சைக்கிள், போர்வை, மண்ணெண்ணெய், புகையிலை. கோவேறு கழுதைகள் சரக்குச் சுமந்த காலத்துப் பட்டியல். கம்ப்யூட்டர் யுகத்தில் இதை யார் தயாரித்தார்கள் என்று சிரிக்கத் தோன்றும். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வியாபாரம் நடக்கும் என்ற கணிப்புகள் பொய்த்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் டில்லிக்கு அங்கே கிடைத்த லாபம் வேறு. 1975-ல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்ததை பெய்ஜிங் ஏற்கவே இல்லை. 2003 ஜூனில் பிரதமர் வாஜ்பாய் பெய்ஜிங் சென்றபோது, திபெத் தன்னாட்சிப் பகுதி சீனாவின் பகுதி என்பதை இந்தியா எழுத்தில் உறுதி செய்தது. நாதுலா வழியாக எல்லை வர்த்தகத்துக்கு சீனா சம்மதித்தது. சிக்கிம் எல்லையில் வியாபாரம் செய்ய இந்தியாவோடு கையெழுத்திட்டால், சிக்கிம் யாருடையது என்பதற்கும் அதுவே பதில். 2005-ல் வென் ஜியாபோ டில்லி வந்தபோது, சிக்கிமை இந்தியாவுக்குள் காட்டும் வரைபடத்தையே சீனத் தரப்பு கொடுத்தது. யாக் வாலுக்கு நல்ல விலைதான்.

1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி பெய்ஜிங்கில் டெங் சியாவோபிங்கின் கையைக் குலுக்கியபோது போடப்பட்ட கணக்கின் தொடர்ச்சி இது. எல்லைத் தகராறு ஒரு பக்கம் இருக்கட்டும், மற்றவற்றில் முன்னேறுவோம் என்பதே அந்தக் கணக்கு. முன்னேறியது என்னவோ நிஜம். ஆனால் மலைக்கணவாயில் அல்ல, கடல்வழியில். இரு திசையிலும் அல்ல, பெரும்பாலும் ஒரே திசையில். 2000-ல் மொத்த வர்த்தகம் சுமார் 300 கோடி டாலர். 2024-25-ல் சீனாவிலிருந்து இறக்குமதி மட்டும் 11,345 கோடி டாலர். நமது ஏற்றுமதி 1,425 கோடி. பற்றாக்குறை 9,920 கோடி டாலர்!

வருவது செல்போன் பாகங்கள், இயந்திரங்கள், சூரிய மின்கலங்கள். போவது இரும்புத் தாது, பருத்தி நூல், இறால், ஆமணக்கு எண்ணெய். உலகத்துக்கே மாத்திரை விற்கும் நாடு என்று பெருமைப்படுகிறோம். அந்த மாத்திரைக்கான மூலப்பொருள் இறக்குமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனச் சரக்கு. பென்சிலின் மூலப்பொருளை ஒரு காலத்தில் நாமே தயாரித்தோம். சீன விலைக்கு முன் தாக்குப்பிடிக்க முடியாமல் ஆலைகள் மூடின. வாங்குபவருக்கு மலிவு, நாட்டுக்குப் பலவீனம்.

கோபத்தால் இது மாறிவிடவில்லை. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரச் சிற்பங்களுக்கு நடுவே உலவினார்கள். அடுத்த ஜூனில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். 59 சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. சீன முதலீட்டுக்குப் போட்ட கட்டுப்பாடு அதற்கு முன்பே, ஏப்ரலில் வந்துவிட்டது. கடைவீதிகளில் பகிஷ்கரிப்புக் கோஷங்கள். 2020-21-ல் சுமார் 6,500 கோடி டாலராக இருந்த சீன இறக்குமதி, அடுத்த ஆண்டே 9,400 கோடியைத் தாண்டியது.

கையைத் திருகும் வேலையை சீனா செய்தபோது விளைவு உடனே தெரிந்தது. அமெரிக்காவோடு வரிச் சண்டை முற்றியிருந்த 2025 ஏப்ரலில், அரியவகை உலோகங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் பெய்ஜிங் ஏற்றுமதி லைசென்ஸ் விதித்தது. உள்ளங்கையில் அடங்கும் காந்தம் இல்லாமல் இந்திய கார், மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள் திண்டாடின. இத்தனைக்கும் இந்த உலோகங்கள் அடங்கிய மோனசைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. மண் இருந்தது, அதைப் பெரிய அளவில் காந்தமாக்கும் ஆலைதான் அப்போது இல்லை. 2025 நவம்பரில்தான் இதற்கென 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இதற்கிடையே உறவு மெல்ல இளகியிருக்கிறது. 2024 அக்டோபரில் லடாக் ரோந்து பற்றி உடன்பாடு, கசானில் தலைவர்கள் சந்திப்பு. 2025-ல் கைலாச யாத்திரை தொடங்கியது, நேரடி விமானங்கள் பறந்தன. அந்த ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் வாங் யி டில்லி வந்தபோது, நாதுலா, ஷிப்கி லா, லிபுலேக் ஆகிய மூன்று கணவாய்களிலும் வர்த்தகத்தைத் திரும்பத் தொடங்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. (லிபுலேக் எங்களுடையது என்று நேபாளம் உடனே ஆட்சேபித்தது தனிக் கதை.)

அறிக்கையில் அது ஒரு வரி. லிபுலேக் பாதையில் உள்ள தார்ச்சுலாப் பகுதியின் போட்டியா வியாபாரிகளுக்கு அப்படியல்ல. அடுத்த சீசனில் விற்றுக்கொள்ளலாம் என்று 2019-ல் திபெத்தின் தக்லகோட் சந்தைக் கிடங்குகளில் சரக்கைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தவர்கள் அவர்கள். முதலில் கொரோனா, பிறகு கல்வான். பூட்டிய சாவி அவர்களிடம்; கணவாயின் சாவி டில்லியிலும் பெய்ஜிங்கிலும்.