ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தீர்களா?

'டெங்கு எதனால் வருது?' என்று யாரைக் கேட்டாலும், 'கொசு' என்று பளிச்செனப் பதில் வருகிறது. 'அந்தக் கொசு எங்கே இருக்கு?' என்றால், கை நீள்வது தெருச் சாக்கடைப் பக்கம். ஆனால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மூடாத டிரம், மொட்டைமாடி டயர், கொட்டாங்குச்சி எல்லாம் தெரிந்ததுதான். ஃபிரிட்ஜின் பின்னாலிருக்கும் தட்டு? இதை எழுதும் முன் எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது... தண்ணீர் தேங்கிக் கிடந்தது!

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தாலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள்களே போதும். அதனால், வாரம் ஒருமுறை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கொசு கடிப்பது பகலில். மதியம் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும்.

இன்னொன்று. காய்ச்சல் விட்டதும், 'சரியாயிடுச்சு' என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். காய்ச்சல் குறையும் 3 முதல் 7-ம் நாளுக்குள்தான் நிலைமை மோசமாகலாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்; ரத்தக்கசிவு அதிகமாகலாம்.