அவசரமின்றி ஓர் அடி

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்று வந்த பெரியவர்கள் திருவிடைமருதூர்ப் பகுதியில் பலர் உள்ளனர். அங்குள்ள பூங்காக்களில் அதிகாலையில் முதிய சீனர்கள் வரிசையாக நின்று, கைகால்களை மிக மெதுவாக அசைப்பதைப் பற்றி அவர்கள் வியந்து சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். "வியர்வைகூட வராது போலிருக்கிறதே, இதுவும் ஒரு பயிற்சியா?" என்பார்கள். அதன் பெயர் தாய்ச்சி. காண எளிது, கற்கப் பொறுமை வேண்டும்.

சீனாவின் ஹெனான் மாநிலத்திலுள்ள சென்ஜியாகோ என்னும் சிற்றூர் அதன் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. அங்கே பல்லாண்டுகள் தங்கிக் கற்ற யாங் லூசான் (1799-1872) இப்போர்க்கலையைப் பெய்ஜிங் நகருக்குக் கொண்டு சென்றார். 1956-இல் சீன அரசு, பொதுமக்களுக்காக அதனை 24 அசைவுகளாகச் சுருக்கியது. அவற்றைச் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடங்களே ஆகும். 2020-இல் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

இது பிற சமயத்தாரின் வழிபாடோ என்று சிலர் ஐயுறலாம். அதன் பெயரும் விளக்கங்களும் சீனத் தத்துவத்திலிருந்து வந்தவைதாம். ஆயினும் அத்தத்துவத்தை ஏற்றால்தான் முழங்கால் மடங்கும் என்பதில்லை. சீன முஸ்லிம்களான ஹுய் மக்களிடையேயும் தற்காப்புக் கலை வல்லுநர்கள் தோன்றியுள்ளனர். அவர்களுள் வாங் ஜிபிங் (1881-1973) எலும்பு முறிவு வைத்தியத்திலும் புகழ் பெற்றவர். நோய் நீங்கி நெடுநாள் வாழ்வதற்கென 20 அசைவுகள் கொண்ட உடற்பயிற்சி ஒன்றையும் அவர் வகுத்தார்.

தாய்ச்சியின் உயிர் கைவீச்சில் இல்லை. கால் மாற்றுவதில் இருக்கிறது. உடலின் எடை முழுவதும் ஒரு காலில் நிற்க, மற்றக் கால் வெறுமையாக முன்செல்லும். குதிகால் தரையில் பதிந்த பின்னரே எடை சிறிது சிறிதாக அதற்கு மாறும். ஐப்பசி மழையில் நனைந்த வரப்பின்மீது நாற்றுக்கட்டுடன் நடப்பவரைக் கவனியுங்கள். கால் வைத்தவுடன் அவர் எடையை ஊன்றுவதில்லை. மண் தாங்கும் என்று பாதம் அறிந்த பிறகே ஊன்றுகிறார். தோளை இறுக்கினாலோ, விரைந்தாலோ சறுக்கிவிடுவார். அதே நடையைத்தான் சீனர்கள் சமதரையில் பயில்கின்றனர்.

இதனால் என்ன பயன் என்பீர்கள். ஹவுளின் ஈரப்படியிலும், இரவில் குளியலறை வாசலிலும் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, பிறகு படுக்கையே கதியான பெரியவர் இல்லாத தெரு நம் ஊர்களில் உண்டா? அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1996-இல் வெளிவந்தது. 15 வாரங்கள் தாய்ச்சி பயின்றவர்களிடையே, மீண்டும் மீண்டும் விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்திருந்தது. பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் உடைய 195 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவும், தாய்ச்சி பயின்றோரின் நிலைதடுமாற்றம் குறைந்ததையே காட்டியது.

இனி, தளர்வு என்னும் சொல்லைப் பற்றி. தளர்வாக இருங்கள் என்றால் துவண்டு நிற்பது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அப்படியன்று. முதுகு நிமிர்ந்திருக்கும், தோள் இறங்கியிருக்கும், முழங்கை தொங்கும். வேலை செய்ய வேண்டிய தசை மட்டும் வேலை செய்யும், மற்றவை ஓய்ந்திருக்கும். மதரஸாவில் இதை நாள்தோறும் காண்கிறேன். 'ஐன்' என்னும் எழுத்தை உச்சரிக்க முயலும் பிள்ளை கழுத்து நரம்பு புடைக்க முக்குகிறான், எழுத்து வருவதில்லை. சலித்துப்போய்த் தொண்டையைத் தளர்த்தும் அந்த நொடியில் அது தானே வந்துவிடுகிறது!

கைபேசியில் காணொளியைப் பார்த்து, ஒரே வாரத்தில் 24 அசைவுகளையும் முடித்துவிட நம் இளைஞர்கள் துடிக்கின்றனர். அசைவுகள் மனப்பாடம் ஆகலாம்; கால் கற்றிருக்காது. வாரத்திற்கு ஓர் அசைவு போதும். ஆடுதுறை 43 குறுவை நெல்லுக்கே 110 நாட்கள் தருகிறோம். அறுபதாண்டுகள் உழைத்த முழங்காலுக்கு அதையேனும் தரலாகாதா?

சீருடையோ கருவியோ தேவையில்லை. பெண்கள் வீட்டு முற்றத்திலேயே பயிலலாம். நேரில் கற்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் மிக நன்று. இல்லையேல் முதல் மாதம் கைகளை மறந்து, கால் மாற்றுவதை மட்டும் பஜ்ருக்குப் பின் பத்து நிமிடங்கள் செய்து வாருங்கள். மடக்கும் முழங்கால், கால்விரல் நுனியைத் தாண்டலாகாது. மயக்கமோ மூட்டு வீக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். முதியோர் தொடக்கத்தில் கனமான நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொள்ளட்டும். வீட்டில் ஒருவர் அருகில் இருக்கட்டும்.