நெருப்பு எட்டாத இடம்

நுழையும்முன்

வேதிவினை, கதிரியக்கம் ஆகிய இரண்டு பாடங்களிலும் அணுக்களே பேசப்படுகின்றன. அதனால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் மயக்கம் மாணவரிடம் நேர்கிறது. புதுச்சேரிச் சிற்றூர்களில் கண்ணுக்கெட்டும் பொருள்களைக் கொண்டே அம்மயக்கத்தை நீக்கும் வகையை இக்கட்டுரை விளக்குகிறது.

பாகூரில் கல்விச்சாலை ஒன்று நடைபெற்றதையும், அதற்கு ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதையும் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் கூறுகின்றன. கி.பி. 9ஆம் நூற்றாண்டிலேயே பாடம் கேட்ட மண் அது. இன்று அங்கோ வில்லியனூரிலோ வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர், சோதனைக்குழாயை எடுக்கும் முன் மாணவரை ஒரு சூளையின் அருகே அழைத்துச் செல்லலாம். வில்லியனூர்ச் சுடுமண் கலைப்பொருள்கள் புவிசார் குறியீடு பெற்றவை.

வெயிலில் உலர்ந்த பானையை நீரில் இட்டால் கரைந்து மீண்டும் களிமண்ணாகும். சூளையில் வெந்த பானை கரையாது. ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், களிமண்ணின் கட்டமைப்புக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுவதே காரணம். மண்ணிலுள்ள இரும்பு, காற்றோட்டம் மிகுந்த சூளையில் ஆக்சிஜனுடன் கூடிச் சிவப்பு நிறம் தருகிறது. காற்றை அடைத்துப் புகை சூழவிட்டால் அதே மண் கறுக்கிறது. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்பு மண்கலங்களைச் செய்தவர்கள் ஆக்சிஜன் என்னும் பெயரை அறியாதவர்கள். ஆனால், அதன் வேலையை நன்கு அறிந்தவர்கள்.

கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதும் இத்தகையதே. தூய கால்சியம் கார்பனேட்டாக இருப்பின் 100 கிலோ கிளிஞ்சலில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோ, கார்பன் டைஆக்சைடாகக் காற்றில் கலக்கும். நீர் ஊற்றினால் அது கொதித்து நீற்றுச்சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசினால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல ஏற்று, பழையபடி கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. இத்தனை மாற்றத்திலும் கால்சியம் கால்சியமாகவே இருந்தது. அணுக்கள் தம் கூட்டாளிகளை மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். அணுவின் வெளிப்புறத்திலுள்ள எலக்ட்ரான்களே இக்கொடுக்கல் வாங்கலை நடத்துகின்றன. வெப்பத்தைக் கூட்டினால் வேதிவினை விரைகிறது, குறைத்தால் தளர்கிறது. கோடையில் இட்லி மாவு விரைவில் புளிப்பதும், குளிர்பதனப் பெட்டியில் புளிக்காமல் இருப்பதும் நாம் அறிந்தவை.

கதிரியக்கத்தை விளக்கப் பலரும் அணுகுண்டிலிருந்து தொடங்குவர். என் வகுப்பறைப் பட்டறிவில் அது அச்சத்தைத் தருகிறதேயன்றித் தெளிவைத் தருவதில்லை. நான் தொடங்குவது பெட்ரோமாக்ஸ் விளக்கிலிருந்து.

மின்சாரம் எட்டாத நாள்களில் திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் ஒளி தந்த விளக்கு அது. அதன் உள்ளே தொங்கும் சிறு வலைப்பைக்கு மேண்டில் என்று பெயர். ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் வான் வெல்ஸ்பாக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனை உருவாக்கினார். துணியைத் தோரியம் நைட்ரேட்டும் சிறிதளவு சீரியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலில் தோய்த்து உலர்த்துவர். முதன்முறை கொளுத்தும்போது துணி எரிந்துவிடும். நைட்ரேட்டுகள் சிதைந்து ஆக்சைடுகளாகும். தொட்டால் உதிரும் வெண்ணிற வலை மட்டும் எஞ்சி, வெப்பத்தில் சுடர்விடும். இதற்கு வேண்டிய தோரியத்தைத் தரும் மோனசைட், 1909இல் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் கண்டறியப்பட்டது. மணவாளக்குறிச்சி மணல் ஐரோப்பாவிற்குக் கப்பலேறியதற்கு அந்நாளில் இம்மேண்டில் தொழிலே காரணம்.

தோரியம் கதிரியக்கம் உடைய தனிமம். மேண்டிலைக் கொளுத்தியபோது நடந்தது வேதிவினை. நைட்ரேட்டு ஆக்சைடு ஆயிற்று. நிறமும் உருவமும் மாறின. ஆயின், தோரியத்தின் கதிரியக்கம் கொளுத்துவதற்கு முன் எவ்வளவோ பின்னும் அவ்வளவே. நெருப்பு அதன் எலக்ட்ரான்களைத் தொட்டது, அணுக்கருவை எட்டவில்லை.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. வெயிலும் விளக்கொளியும்கூடக் கதிர்வீச்சே. அணுக்கரு தானே சிதைந்து கதிர்களை வெளியிடும் பண்பே கதிரியக்கம். மேண்டிலின் கண்கூசும் வெளிச்சம் வெப்பத்தால் விளைவது. விளக்கை அணைத்தால் அது நின்றுவிடும். கதிரியக்கம் விளக்கை அணைத்தாலும் நிற்பதில்லை. தேர்வுத்தாள்களில் இவ்விரு சொற்களும் இடம்மாறி வருவதைக் காணும்போதெல்லாம், மாணவரின் பிழையில் நம் கற்பித்தலின் பிழையும் கலந்திருப்பதாகவே தோன்றுகிறது.

1896இல் பெக்கெரல், யுரேனிய உப்பு கதிர்களை வெளியிடுவதைப் பாரிசில் கண்டறிந்தார். மேரி கியூரி அதனை அளக்க முற்பட்டார். எச்சேர்மமாக இருப்பினும், அதிலுள்ள யுரேனியத்தின் அளவையே கதிர்களின் வலிமை சார்ந்திருந்தது. சேர்மம் மாறியும் பண்பு மாறவில்லை என்றால் அப்பண்பு அணுவினுடையதே என்று அவர் முடிவு செய்தார். 1898இல் தோரியத்திற்கும் அப்பண்பு உண்டெனக் கண்டார். தோரியத்திலிருந்து வெளிப்படும் வளிமத்தின் கதிரியக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாகக் குறைவதை 1900இல் மான்ட்ரியலில் ரூதர்போர்டு அளந்தார். அரை ஆயுட்காலம் என்னும் கருத்தின் தொடக்கம் அது. பின்னர் அவரும் சாடியும் தனிமம் வேறொரு தனிமமாக மாறுவதை நிறுவினர். சுண்ணாம்புக் காளவாசலில் ஒருநாளும் நிகழாதது இது.

அரை ஆயுட்காலத்தைக் கற்பிக்கப் புளியங்கொட்டை போதும். தாயம் ஆடுவோர் செய்வதுபோல, 100 கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெண்மை தெரியத் தேய்த்துக்கொள்ள வேண்டும். குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலாக விழுந்தவற்றை நீக்கிவிட வேண்டும். எஞ்சியவற்றை மீண்டும் போட வேண்டும். ஏறத்தாழ 50, பின் 25, பின் 12 என எண்ணிக்கை இறங்கும். தேய்த்த கொட்டை சரிபாதியாக விழாமல் போகலாம், அதனால் குறையில்லை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறதா என்பதையே காண வேண்டும். அடுத்த முறை எந்தக் கொட்டை விலகும் என்று எவராலும் கூற இயலாது. எத்தனை விலகும் என்று தோராயமாகக் கூறிவிடலாம். அணுக்கருக்களும் இவ்வாறே சிதைகின்றன. தோரியம்-232இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1405 கோடி ஆண்டுகள். புவி தோன்றியபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் எஞ்சியிருக்கிறது.

இக்கணக்கே தொல்லியலுக்கும் துணைநிற்கிறது. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்குக் கிடைத்த ரோமானிய மண்கலங்களைக் கொண்டே காலத்தைக் கணித்தார். கார்பன்-14 முறையை லிபி உருவாக்கியது அதற்குப் பின்னர்தான். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580ஆம் ஆண்டைச் சேர்ந்தது என அம்முறை காட்டிற்று. கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5730 ஆண்டுகள் என்பதால், அம்மாதிரியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக அது எஞ்சியிருந்தது.

வில்லியனூர் வழியே ஓடும் சங்கராபரணி ஆற்றின் மேற்பகுதியில் திருவக்கரை உள்ளது. அங்குள்ள கல்மரங்களின் அகவையையும் இவ்வாறே அறியலாமே என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல வினா. அம்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. அதாவது, கார்பன்-14க்கு ஏறத்தாழ 3,500 அரை ஆயுட்காலங்கள். நூறு புளியங்கொட்டைகள் ஏழெட்டு முறைகளில் தீர்ந்துவிடுவதைக் கண்ட மாணவர், விடையைத் தாமே கூறிவிடுவர்.

இவ்வேறுபாட்டை அறியாமை உயிரைப் பறித்ததும் உண்டு. ஒரு வேதியியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பயன்படுத்தப்படாமல் கிடந்த கருவி ஒன்று, 2010இல் தில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். மேலும் சிலர் பாதிப்புற்றனர். வெட்டினாலும் உருக்கினாலும் கோபால்ட்-60 தன் சிதைவை நிறுத்தாது. அதன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள், 25 ஆண்டுகள் கடந்தபின்னும் ஏறத்தாழ 27இல் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். மஞ்சள் நிறப் பின்னணியில், நடுவே ஒரு சிறு வட்டமும் அதைச் சுற்றி மூன்று கருநிற இதழ்களும் வரையப்பட்ட குறியீடு கதிரியக்கப் பொருளைச் சுட்டுவது. பழைய பொருள்களிடையே அக்குறி தாங்கிய பெட்டியைக் கண்டால் திறக்காமல், தொடாமல் விலகி நின்று காவல் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வகுப்பில் இக்குறியீட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபின்தான் நான் புளியங்கொட்டைகளை வெளியே எடுப்பது வழக்கம்.