செம்மண் ஏற்றத்துக்கு ஒரு ஃபோர் வீல்

காரக்கோணத்தில், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர் வீல் வண்டி வாங்கப் போகிறவர், ஷோரூமுக்குப் போவதற்கு முன் தன் தோட்டத்து வழியை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அதுவும் மழை பெய்த மறுநாள். சாயாவைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், இதை நிதானமாகத்தான் சொல்ல முடியும்.

நம் பக்கத்து ஊர்ச் சாலைகளுக்கு ஃபோர் வீல் வேண்டியதில்லை. பாறசாலை, வெள்ளறடை, நெய்யாற்றின்கரை, தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று எங்கே போனாலும் தார்தான். மருத்துவக் கல்லூரிக்கு ஆளைக் கொண்டுபோகச் சாதாரணக் காரே போதும். சிக்கல் தார் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. ரப்பர் தோட்டத்துக்குள் ஏறுகிற செம்மண் வழிக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. மேலே வழவழவென்று சேறு, அடியில் சரளை, நடுவில் தண்ணீர் அறுத்த சால். அந்த வழியில் மிக மோசமான நூறு மீட்டர் எது என்று பார்த்து வையுங்கள். பல லட்சம் கொடுப்பது அந்த நூறு மீட்டருக்காகத்தான். ஏற்றம் எவ்வளவு, வளைவு எவ்வளவு இறுக்கம், ஏறும்போது வண்டியில் என்ன சுமை இருக்கும் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி வண்டி எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பது அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல். தாரில் அது நல்ல வேலைக்காரன். சேற்றிலோ அதுவே எதிரி. ஒரு சக்கரத்துக்குப் பிடிமானம் போனால் அது வீணாகச் சுழலும், பிடிமானம் உள்ள சக்கரம் சும்மா நிற்கும். ஃபோர் வீல் போட்டால் முன் அச்சுக்கும் விசை போகும், பிழைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் சேர்ந்து பிடி இழந்தால் ஃபோர் வீல் வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது உதவுவது டிஃபரன்ஷியல் லாக். இல்லையென்றால், வீணாய்ச் சுழலும் சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு.

இதைவிட முக்கியம் ஃபோர் லோ. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லோ கியர் போட்டால் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து ஏறும், கிளட்ச் கருகாது. இறங்கும்போது அதன் அருமை இன்னும் தெரியும். ஈரச் செம்மண் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து மெல்ல இறக்கும். ஆல் வீல் டிரைவ் என்று விற்கும் நகரத்து எஸ்யூவிகள் பலவற்றில் இந்த லோ கியர் கிடையாது. மழைச் சாலைக்கு அவை நல்ல வண்டிகள்தான், சுமையோடு தோட்டம் ஏற அல்ல.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மகிந்திரா தார், மாருதி ஜிப்சி, ஜிம்னி மாதிரி வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. ஃபோர் வீலைப் போட்டபடி காய்ந்த தார்ச்சாலையில் வளைத்து ஓட்டினால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கும், விசையை இரண்டு அச்சுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும். மண் ஏறும் முன் போடுங்கள், தார்ச்சாலை ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

சரி, எந்த வண்டி? நம் தோட்டத்து வழிகள் பல பழைய ஜீப் போவதற்கென்று வெட்டியவை. ஆகவே அகலத்தைக் கவனியுங்கள். 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னியின் அகலம் 1645 மில்லிமீட்டர், தார் வண்டிக்கு 1820. தாளில் சின்ன வித்தியாசம். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் பள்ளம் என்கிற இடத்தில் பெரிய வித்தியாசம். ஜிம்னி ஏறத்தாழ 1200 கிலோ எடையுள்ள லேசான வண்டி, சேற்றில் புதைவது குறைவு, எல்லா வகையிலும் ஃபோர் லோ உண்டு. ஆளும் கொஞ்சம் சாமானும் ஏற்ற நான் அதைத்தான் சொல்வேன். தார் இழுவை மிக்கது. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகலாம் என்று நிறுவனம் சொல்கிறது. வழி அகலமாக இருந்தால் அது நல்ல தேர்வு. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலுக்கும் கையால் போடும் லாக் இருக்கிறது. உங்கள் நூறு மீட்டர் உண்மையிலேயே கொடூரமானது என்றால் அதை ஓட்டிப் பாருங்கள். ரப்பர் ஷீட்டும் உரமும் ஏற்றுவதுதான் வேலை என்றால் பொலிரோ கேம்பரில் வரும் ஃபோர் வீல் வகை போதும், அழகு பார்க்க வேண்டாம்.

டீசலா பெட்ரோலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சேர்த்து வைத்த கரியை எரித்துத் தீர்க்க வண்டி நன்றாகச் சூடேறி, நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர், திரும்ப வீடு, அவ்வளவுதான் ஓட்டம் என்றால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும், சரிசெய்ய நிறையச் செலவாகும். அப்படிப்பட்டவர் பெட்ரோல் வாங்குவதே நல்லது. திருவனந்தபுரத்துக்கோ நாகர்கோவிலுக்கோ அடிக்கடி போய்வருகிறவருக்கு டீசல் ஒத்துவரும்.

பழைய வண்டிக்கு வருவோம், ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். 1985இல் வந்து 2019 வரை விற்பனையில் இருந்த ஜிப்சியும் பழைய மகிந்திரா ஜீப்புகளும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நல்ல வண்டிகள், எளிய எஞ்சின், எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கை வைக்கலாம். ஆனால் வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். மகிந்திரா ஜீப்புகளில் அச்சு அசலாக ஒரே உடம்போடு டூ வீல் வண்டியும் உண்டு. தார் வண்டியிலும் 2023 ஜனவரி முதல் பின்சக்கர வகை விற்பனைக்கு வந்துவிட்டது. கியர் தடியின் பக்கத்தில் இரண்டாவது தடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதோடு விடாதீர்கள். மைலேஜுக்காக முன் அச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றி வைத்த வண்டிகள் உண்டு. வண்டிக்கடியில் படுத்து அந்தத் தண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மண் தரையில் ஃபோர் வீல் போட்டு மெல்ல முழு வளைவு வளைத்து ஓட்டுங்கள். வண்டி இறுக்கிப் பிடித்து இழுத்தால் முன் அச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஃபோர் லோவும் விழ வேண்டும், ஏற்றத்தில் தடி தானாகக் கழன்று வரக் கூடாது.

டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சேஸில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துருவின் மேல் அடித்த பெயின்ட் சத்தத்திலேயே தெரியும். கடற்கரை ஊரில் ஓடிய வண்டி என்றால் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யலாம். பெரிய டயர், தூக்கிய சஸ்பென்ஷன், மாற்றிய உடம்பு என்று ஆசை காட்டினால் விலகிவிடுங்கள். வண்டியின் அடிப்படை அமைப்பை நிறுவனம் கொடுத்ததிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில்.

நாம் எல்லையில் இருப்பதால் காகிதமும் சேர்ந்து வரும். மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழ்நாட்டுப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியலாம். அதைக் கேரளத்தில் நிலையாக வைத்து ஓட்டினால் பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து ஆட்சேபமில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் சேர்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள். கடன் நிலுவையும் அபராதமும் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.

முன்பணத்துக்கு முன் இன்னொரு வேலை. உங்கள் ஊரில் அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போய், கிளட்ச் பிளேட்டும் முன் அச்சு ஜாயின்டும் எத்தனை நாளில் கிடைக்கும், என்ன விலை என்று கேளுங்கள். மறுநாளே கிடைக்கும் என்று அவர் யோசிக்காமல் சொல்கிற வண்டியை வாங்குங்கள். வாங்கிய பிறகு, கோடையில் தேவையே இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மண் வழியில் ஃபோர் வீல் போட்டுக் கொஞ்சம் ஓட்டுங்கள். போடாமல் கிடந்தால் ஆயில் பரவாமல் பாகங்கள் இறுகிப்போகும், ஜூன் மழையில் தடி நகராது.